ஓர் உளுந்து அளவு பசை

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. அது நோயா, குணமா என்று இன்றுவரை தெரியவில்லை. சாப்பிடும்போதுகூடப் பாதியில் எழுந்து போய், வாசல் கேட் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து மீதியைச் சாப்பிடுகிற ஆள் நான். வீட்டில் ஏதாவது ஒன்று சத்தம் போட்டால் போதும், என் கை அரிக்கத் தொடங்கிவிடும். காற்றாடியோ தண்ணீர்க் குழாயோ, அவிழ்த்துப் பார்த்தால்தான் அடங்கும். அவிழ்த்ததில் பாதிக்கு மேல் சரியாகத்தான் பூட்டியிருக்கிறேன். மீதியைப் பற்றி என் மனைவியிடம் கேட்டால் வரிசையாகச் சொல்வாள்.

அந்த வரிசையில் முதலில் வருவது அவளுடைய மடிக்கணினி. தொடாதீர்கள் என்று அவள் சொல்லிவிட்டுப் போன ஒரு சனிக்கிழமை காலையில் அதைத் தொட்டேன். அன்று மதியம் இரண்டரை மணிக்கு அவளுக்கு வாய்மொழித் தேர்வு. வீட்டில் இருந்தபடியே அந்தக் கணினி வழியாக மூன்று பேராசிரியர்கள் முன்னால் தன் ஆய்வறிக்கையை விளக்க வேண்டும். தேறினால் பட்டம். தேறாவிட்டால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். இந்த முறை காத்திருக்க மாட்டேன், விட்டுவிடுவேன் என்று முன்பே சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

அவள் பாலர் பள்ளியில் உதவி ஆசிரியை. பட்டம் இருந்தால்தான் அந்த 'உதவி' என்ற சொல் போகும். அதற்காக வார இறுதிகளில் படிக்கத் தொடங்கி ஏழு வருடங்கள் ஆகியிருந்தன. நடுவில் இரண்டு முறை நின்றுபோனது, இரண்டும் என்னால்தான். முதல் முறை என் அம்மா படுத்த படுக்கையானபோது யாராவது வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. அந்த 'யாராவது' அவள்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன், அவளைக் கேட்கவில்லை. இரண்டாவது முறை எனக்குப் பாலம் தாண்டி சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. மலேசியாவில் எங்கள் ஊரான கோத்தா திங்கியிலிருந்து விடியும் முன் மோட்டார் சைக்கிளில் கிளம்பினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். வீட்டைப் பார்க்க ஆள் வேண்டுமே என்று, "கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டி வைலா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். கொஞ்ச நாள் இரண்டு வருடமானது.

அவளுடைய ஆய்வு, வகுப்பில் ஓரிடத்தில் உட்காராத பிள்ளைகளைப் பற்றியது. மலாய் மொழியில் நூற்றுப் பத்துப் பக்கம். அவளோடு வேலை செய்கிறவர்கள் ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது ஏன் இந்தத் தலைப்பு என்று கேட்டார்கள். "வீட்டுலயே ஒன்னு இருக்கு. ஆராய்ச்சிக்கு வெளிய போற வேலை மிச்சம்" என்று என் பக்கம் கையைக் காட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

தேர்வு நெருங்க நெருங்க அவள் அமைதியாகிக்கொண்டே போனாள். நான்தான் ஒரு மாதமாகக் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தேன். எரிந்து விழ ஏதாவது வேண்டுமே, மடிக்கணினியின் சத்தம் கிடைத்தது. அதற்குள் இருக்கும் சின்னக் காற்றாடி தேய்ந்துபோய், அவள் இணைய வகுப்பில் இருக்கும்போதெல்லாம் மேட்டில் ஏறும் பழைய மோட்டார் சைக்கிளைப் போல உறுமும். கதவைச் சாத்தினாலும் வாசல்வரை கேட்கும். பாதிப் பேச்சில் அணைந்துவிட்டால் என்ன செய்வாய் என்று தினமும் கேட்டேன்.

"ஒரு வருசமா உறுமுது, ஒரு நாளும் அணையல. என் பரீட்சை முடியட்டும், அப்புறம் என்னா வேணும்னாலும் செய்ங்க" என்றாள்.

"காத்தாடிய மாத்திப் புது பேஸ்டு வைக்கிறதுதானே? அந்தப் பேஸ்டு வேலையே என் வேலைதான். எங்கிட்டயே சொல்றியா? கொல்லன் தெருவுல ஊசி விக்காத."

அது வெறும் வாய்ச்சவடால் இல்லை. சிங்கப்பூர் தொழிற்சாலையில் நான் பழுதுபார்க்கும் இயந்திரங்களில் ஒன்று, கணினிச் சில்லு என்கிற அந்தச் சின்னச் சதுரத்தின் மேல் தெர்மல் பேஸ்ட் வைக்கும் இயந்திரம். சில்லு சூடாகும். அதன் மேல் ஒரு செம்புத் தகடு உட்கார்ந்து சூட்டை வாங்கிக் காற்றாடிப் பக்கம் கடத்தும். இரண்டும் எவ்வளவு அழுத்திப் பொருந்தினாலும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்கும், அதில் காற்று நிற்கும். காற்று நின்றால் சூடு இறங்காது. அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் பசை. குறைந்தாலும் கெடுதல், கூடினால் அதுவே போர்வையாகிவிடும். ஓர் உளுந்து அளவு போதும். இதை நான் தூக்கத்திலும் சொல்வேன்.

ஆகவே அவளுக்குத் தெரியாமல் காற்றாடியும் செம்புத் தகடும் சேர்ந்த புதுப் பாகம் ஒன்றை இணையத்தில் வரவழைத்தேன். புதன்கிழமை வந்தது. மோட்டார் சைக்கிள் பெட்டியில் மழைக்கோட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

இங்கே எங்கள் வீட்டின் பிளாஸ்டிக் பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் குடும்பத்தில் புதுச் சாமானின் மேல் இருக்கும் பிளாஸ்டிக்கைப் பிரிக்க மாட்டோம். ரிமோட் உறையோடு இருக்கும். பிரிட்ஜ் கைப்பிடியில் ஒட்டியிருக்கும் தாள் பழுப்பேறிச் சுருண்டாலும் அப்படியே கிடக்கும். இது கஞ்சத்தனம் இல்லை, வெள்ளம் கற்றுக்கொடுத்தது. பெரிய வெள்ளம் வந்தபோது நாங்கள் ஆற்றுக்குப் பக்கத்துத் தாழ்ந்த வீட்டில் இருந்தோம். தண்ணீர் வடிந்து திரும்பி வந்தபோது அலமாரி, நாற்காலி, துணி என்று எல்லாமே சேறு. ஒன்றே ஒன்று மட்டும் தப்பியிருந்தது, பிளாஸ்டிக் பிரிக்காத ஒரு புது மெத்தை. வீட்டுக்குள்ளேயே மிதந்து சமையலறை வாசலில் குறுக்காக மாட்டிக்கொண்டு நின்றது. அப்பா குழாய்த் தண்ணீரை அடித்துக் கழுவினார். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் எதையும் பிரிக்கவில்லை.

பழைய பயம் இன்னொன்றும் உண்டு. மழை வலுத்துப் பெய்தால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தால்தான் எனக்கு மூச்சு சீராகும். இப்போது மேட்டில் உள்ள தாமான் குடியிருப்பில் இருக்கிறோம், ஆறு இங்கே வர முடியாது, ஆனாலும் போவேன். பல நாள் மனைவியும் குடையை எடுத்துக்கொண்டு பின்னால் ஏறிக்கொள்வாள். பாலத்துக்குப் பக்கத்தில், மாவில் தோய்த்துச் சுடும் வாழைப்பழப் பொரியல் விற்கும் கடை ஒன்று உண்டு. அதற்காக வருகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் பிளாஸ்டிக் விஷயத்தில் அவள் எங்கள் கட்சி இல்லை. அவள் காஹாங் பக்கத்துப் பெண், மேட்டு நிலத்தில் வளர்ந்தவள். கல்யாணமான மூன்றாவது வாரம், "தொடை ஒட்டுது, கருமம்" என்று சோபா உறையைக் கத்தரியால் கிழித்து எறிந்தாள். இரண்டு நாள் நான் பேசவில்லை. படிப்பை மறுபடி தொடங்கியபோது நான் வாங்கிக் கொடுத்த இந்த மடிக்கணினியின் மேல்மூடியில் இருந்த தாளையும் பிரிக்கப் போனாள். கையைப் பிடித்துத் தடுத்தேன். "புதுசா இருக்கட்டும்லா" என்றேன். அது மட்டும் தப்பியது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் கோயிலுக்குப் போய்விட்டு, தையல்காரரிடம் ரவிக்கையை வாங்கிக்கொண்டு, அப்படியே காய்கறியும் பார்த்துவிட்டு வருவதாகக் கிளம்பினாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஏங்க, லேப்டாப்பத் தொடாதீங்க. பரீட்சைக்கான சாப்ட்வேர் அதுல மட்டும்தான் பதிஞ்சிருக்கு. வேற கம்ப்யூட்டர்லேர்ந்து உள்ள சேர விடமாட்டாங்க" என்றாள்.

"நான் ஏன் தொடப்போறேன்?" என்றேன்.

அவள் கார் தெருமுனை திரும்பியதும் மோட்டார் சைக்கிள் பெட்டியைத் திறந்தேன்.

வேலையைச் சுத்தமாகத்தான் தொடங்கினேன். சாப்பாட்டு மேசையில் பழைய நாளிதழ். பக்கத்தில் இட்லித் தட்டு. ஸ்க்ரூ கழற்றும் வேலைக்கு இட்லித் தட்டைப் போல ஒன்று கிடையாது. ஒவ்வொரு குழிக்கும் ஓர் இடம் என்று வைத்தால் எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்தது என்று மறக்காது. அடிமூடியில் பதினொன்று. கழற்றி, பேட்டரி இணைப்பைப் பிடுங்கினேன். காற்றாடி வாயில் ஊதுபத்திச் சாம்பலும் தூசியும் தலைமுடியும் சேர்ந்து கம்பளித் துண்டைப் போலப் படிந்திருந்தன. அதை அப்படியே உரித்து எடுத்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். பார்த்தாயா, இதைத்தான் சொன்னேன் என்று வீட்டில் இல்லாத அவளிடம் சத்தமாகச் சொன்னேன்.

பழைய பசை காய்ந்த சுண்ணாம்பாகி, தகட்டையும் சில்லையும் ஒட்டிப் பிடித்திருந்தது. நெம்பினேன், வரவில்லை. பொறுமையாகக் கொஞ்சம் சூடு காட்டியிருக்க வேண்டும். பொறுமை எங்கே இருக்கிறது என்னிடம். இன்னும் ஒருமுறை நெம்பியதில் தகடு வந்தது, அதோடு சேர்ந்த செம்புக் குழாய் வளைந்துபோனது. போனால் போகட்டும், புதிதுதான் இருக்கிறதே என்று அதை ஓரமாகப் போட்டேன். சில்லை ஆல்கஹால் பஞ்சால் கண்ணாடிபோலத் துடைத்தேன். குழலை அழுத்தி நடுவில் ஓர் உளுந்து வைத்தேன். புதுப் பாகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். பளபளவென்று இருந்தது. மேலே உட்காரவைத்து, நான்கு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி முறுக்கினேன். எங்கள் தொழிற்சாலை மேற்பார்வையாளர் பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார்.

பத்தே முக்காலுக்கு உயிர் கொடுத்தேன். திரை வந்தது. விசில் அடித்துக்கொண்டே போய்த் தேநீர் கலக்கினேன். திரும்பி வந்தபோது காற்றாடி பழையபடி உறுமிக்கொண்டிருந்தது. அடிப்பாகத்தைத் தொட்டேன், தோசைக்கல். ஏழாவது நிமிடம் பட்டென்று அணைந்தது.

பசை பற்றவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். மறுபடி பதினொரு ஸ்க்ரூ, மறுபடி இட்லித் தட்டு. தூக்கிப் பார்த்தால் பசை வட்டமாக அழகாகப் பரவியிருக்கிறது. இருந்தாலும் துடைத்துவிட்டுக் கொஞ்சம் கூட்டி வைத்தேன். இந்த முறை ஐந்தாவது நிமிடமே அணைந்தது.

அதற்குப் பிறகு என் கைகளை நான் நம்பவில்லை. மேசைக்கும் வாசலுக்கும் நடந்தேன். எழுந்து போய் கேட்டைப் பார்த்தேன். பழைய பாகத்தையே திரும்பப் பூட்டலாம் என்றால் அதன் குழாய் வளைந்து கிடக்கிறது. நிமிர்த்தப் பார்த்தேன், மடிப்பில் கீறல் விழுந்தது. சில்லையே கெடுத்துவிட்டேனோ என்று தோன்றியது. வெறும் உறுமலோடு ஓடிக்கொண்டிருந்த ஒன்றை நானேதான் நிறுத்தினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான்.

பன்னிரண்டே காலுக்கு அவள் வந்தாள். நெற்றியில் திருநீறு, ஒரு கையில் கீரைக்கட்டு, ஒரு கையில் ரவிக்கைப் பை. நான் எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. இட்லித் தட்டைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. கீரையை மெல்ல மேசையில் வைத்தாள்.

"ஓடுதா?"

"கொஞ்ச நேரம் ஓடுது. அப்புறம் அணைஞ்சிருது."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

"ஒன்னு கேக்கறேன், உண்மையச் சொல்லுங்க" என்றாள். "வேணும்னே செஞ்சீங்களா?"

"என்னா பேச்சு பேசுற? எனக்கென்னா பைத்தியமா?"

"ரெண்டு தடவ நின்னுச்சு. ரெண்டு தடவையும் உங்க வாயால நின்னுச்சு. இது மூனாவது. அதான் கேக்கறேன்."

இல்லை என்று வேகமாகச் சொன்னேன். அந்த வேகம் எனக்கே பிடிக்கவில்லை. ஏனென்றால் அவள் கேட்டபோது என் உள்ளே ஏதோ ஒன்று, திருடனுக்குத் தேள் கொட்டியதைப் போல, சத்தம் காட்டாமல் துடித்தது. ஒரு மாதமாக என்னை உட்காரவிடாமல் செய்தது காற்றாடியின் உறுமல்தானா என்று அந்த நிமிடம் எனக்கே உறுதியாகத் தெரியவில்லை.

அவள் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பள்ளியில் பிள்ளைகளிடம் பேசும் குரல் வந்துவிட்டது.

"தொறங்க. என் முன்னால தொறங்க. காலையில என்னென்னா செஞ்சீங்களோ ஒவ்வொன்னா சொல்லிக்கிட்டே செய்ங்க. எதையும் விட்டுறாதீங்க."

எனக்குக் கோபம் வந்தது. நாற்பத்து நான்கு வயதில் பாலர் பள்ளிப் பிள்ளைபோல ஒப்பிக்க வேண்டுமா என்று. ஆனால் சுவர்க் கடிகாரம் பன்னிரண்டரையைத் தாண்டியிருந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே ஒப்பித்தேன். "பதினொரு ஸ்க்ரூ கழட்டினேன். பேட்டரிய எடுத்தேன். தூசி தட்டினேன். பழைய பேஸ்ட்டத் தொடச்சேன்." அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். "உளுந்தளவு புது பேஸ்டு வச்சேன். அப்புறம் பெட்டியிலேர்ந்து இதை எடுத்தேன். நல்லா பிளாஸ்டிக்கோட இருந்துச்சு, கீறல் இல்லாம. மேல வச்சு ஸ்க்ரூவ முறுக்கி…"

"இருங்க. பிளாஸ்டிக்க எப்ப எடுத்தீங்க?"

நான் கையிலிருந்த ஸ்க்ரூவைக் கீழே வைத்தேன்.

தொழிற்சாலையில் இதே வேலைக்கு ஒரு செய்முறைப் பட்டியல் ஒட்டியிருக்கும். நான்காவது படி, பாதுகாப்புத் தாளைப் பிரித்துக் கையெழுத்திடவும். அங்கே ஒருநாளும் நான் தவறியதில்லை. வீட்டில் அந்தப் பட்டியல் இல்லை, வீட்டுப் பழக்கம் மட்டும்தான் இருந்தது. அந்தப் பளபளப்பைக் காலையில் என் கண்ணால் பார்த்தேன், பார்த்தபோது எனக்கு அது பிரிக்க வேண்டிய ஒன்றாகவே படவில்லை. புதுச் சாமான் அப்படித்தான் இருக்கும், அப்படித்தான் இருக்க வேண்டும்.

அவள் செம்புத் தகட்டைத் திருப்பி விளிம்பில் நகத்தால் சுரண்டினாள். கண்ணாடி மாதிரி ஒரு மெல்லிய தாள், நான் வைத்த பசையோடு சேர்ந்து உரிந்து வந்தது. அவள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணில் தண்ணீர் வர.

"அலமாக்… இதை வேணும்னே யாராலயும் செய்ய முடியாதுங்க. உங்களால மட்டும்தான் முடியும்."

எனக்கு விடுதலை கிடைத்துவிட்டது. சாட்சி அந்தத் தாள். ஆனாலும் நான் அவளோடு சேர்ந்து சிரிக்கவில்லை.

பசைக் குழல் காலியாகியிருந்தது. இரண்டாவது முறை தாராளமாக வைத்ததில் தீர்ந்துபோனது. குழலை வெட்டி, தீக்குச்சி முனையால் உள்ளே சுற்றிலும் வழித்து எடுத்தேன். அரை உளுந்து தேறியது. "மெதுவா" என்றாள் அவள். அந்த அரை உளுந்தைச் சில்லின் நடுவில் வைத்து, தகட்டை நேராக இறக்கி, மூலைக்கு மூலை முறுக்கினேன். அவள் இட்லித் தட்டிலிருந்து ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். ஒன்றரை மணிக்கு உயிர் கொடுத்தோம். ஐந்து நிமிடம். ஏழு நிமிடம். பத்து. அடிப்பாகத்தைத் தொட்டேன், வெதுவெதுப்பு, அவ்வளவுதான். இருபது நிமிடம் ஆனதும் அவள் எழுந்து குளிக்கப் போனாள்.

இரண்டு இருபதுக்குப் புது ரவிக்கையும் ஊதா நிறச் சேலையுமாக அறைக்குள் உட்கார்ந்தாள். "வாசல்ல இருங்க. நான் வர்ற வரைக்கும் உள்ள வராதீங்க" என்று கதவைச் சாத்தினாள்.

வாசலில் நின்றேன். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அவள் வணக்கம் சொல்வது கேட்டது, பிறகு மலாயில் சரளமாகப் பேசுவது கேட்டது. எத்தனையோ நாள் கேட்ட குரல்தான், ஆனால் இப்படி யாருக்கும் பயப்படாத குரலை நான் வீட்டில் கேட்டதில்லை. பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் பேசினாள். திடீரென்று குரல் நின்றது. உள்ளே வந்து அறைக் கதவில் காதை வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. ஒரு வருடமாக அந்தக் கதவுக்குப் பின்னால் உறுமலைக் கேட்டே பழகிய காது எனக்கு. உறுமல் இல்லை என்றால் கணினி செத்துவிட்டது என்றுதான் என் மூளை சொன்னது. அரை உளுந்து போதவில்லை, அணைந்துவிட்டது, இனி எத்தனை தாள் உரித்துக் காட்டினாலும் அவள் நம்பமாட்டாள். கதவைத் திறந்துகொண்டு உள்ளே பாய்ந்தேன்.

கணினி அணையவில்லை. காற்றாடி சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் கேள்வியைக் காதில் மாட்டிய கருவியில் கேட்டுக்கொண்டிருந்தாள், அதனால்தான் அமைதி. திரையில் மூன்று பேராசிரியர்களும், அவர்களுக்குக் கீழே சின்னச் சதுரத்தில் பனியனும் கைலியுமாக, கையெல்லாம் சாம்பல் நிறப் பசையோடு நானும் தெரிந்தோம்.

இது யார் என்று மூவரில் யாரோ கேட்டிருக்க வேண்டும். அவள் பதறவில்லை. ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னாள், "மன்னிக்கவும். இவர் என் கணவர். என் ஆய்வின் முதல் மாணவர்."

திரையில் மூவரும் சிரித்தார்கள். நான் பின்பக்கமாகவே நடந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. வாசல் நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன்.

மூன்றேகாலுக்கு அவள் வந்தாள். முகத்தைப் பார்த்தே தெரிந்தது.

"பாஸ். சின்னச் சின்னத் திருத்தம் இருக்கு. ரெண்டு வாரத்துல கொடுக்கணும்."

சந்தோஷப்பட்டேன், உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன். அதற்கு அடியிலேயே அந்த இன்னொன்றும் இருந்தது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று பட்டது. எங்கள் வீட்டில் எதையும் பிரிப்பதில்லை, இதையும் அப்படியே வைத்திருப்பேன்.

"நீ கேட்டியே, வேணும்னே செஞ்சீங்களான்னு. செய்யல. ஆனா நீ பாஸ் பண்ணிட்டா நான் என்னா ஆவறதுன்னு பயமா இருந்துச்சு. ஒரு மாசமா. நீ பெரியாளாயிட்டா, என்னய வச்சு என்னா செய்வியோன்னு."

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சேலை மடிப்பைத் தளர்த்திக்கொண்டாள்.

"தெரியும்" என்றாள். "ஏழு வருசமாத் தெரியும். நூத்திப் பத்துப் பக்கம் எழுதியிருக்கேன். ஒரே நாள்ல அந்த லேப்டாப்ப மூனு தடவ தொறந்தீங்க. நான் எழுதினத மட்டும் தொறக்கல."

அவள் அதை எழுதி முடித்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அட்டை போட்ட பிரதி ஒன்று தொலைக்காட்சிக்குப் பக்கத்திலேயே கிடந்தது, நான் அதன் மேல் சாவியை வைப்பது வழக்கம்.

அவள் உள்ளே போய் மடிக்கணினியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். மேல்மூடியில் அந்தப் பழைய தாள் இன்னும் மூலையில் சுருண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டாள்.

படிக்கத் தொடங்கினேன். முதல் பக்கங்களில் எனக்குப் புரியாத சொற்கள் நிறைய. பதினேழாம் பக்கத்தில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் வந்தான். சாப்பிடும் நேரத்தில் பாதியில் எழுந்து போய், தன் பை மாட்டிய இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து மீதியைச் சாப்பிடுவானாம். உட்கார் என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள், பயனில்லை. பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். 'அவன் எழும்போது நானும் எழுந்து அவனோடு போய்ப் பையைப் பார்த்தேன்' என்று எழுதியிருந்தாள். 'தொலைந்துவிடாது என்று நான் சொல்லவில்லை. கூடவே போனேன். மூன்றாவது மாதம் அவன் எழுவது நின்றது.'

அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். ஓட்டுக்கூரையில் மழை விழ ஆரம்பித்து, சற்று நேரத்தில் தெரு தெரியாத அளவுக்கு வலுத்தது. உள்ளிருந்து அவள் குடையை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஆத்தப் பாக்கப் போலாமா?"

வாழைப்பழப் பொரியலுக்காக வருகிறாள் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

"இன்னும் தொண்ணூத்தி மூனு பக்கம் இருக்கு" என்றேன். "உக்காரு."